சுண்டைக்காய் கால் பணம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நீங்கள் பணம் மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்கிறீர்கள். கண்ணாடி முன் நின்று இதை மூன்று முறை சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறையும் சிரிப்பு வரவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கத் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். நியூஜெர்சியில் குடியேறி, கிரீன் கார்டும் வீட்டுக் கடனும் வாங்கி, அலுவலக நண்பர் கூப்பிட்டாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனவர். மற்றவர்களைப் போல கோல்ஃப் மட்டையைப் பிடித்திருக்கலாம். நீங்கள் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 பிஸ்டலைப் பிடித்துக்கொண்டீர்கள். அது .45 தோட்டா தின்னும். குண்டு ஒன்றின் எடை 230 கிரெயின், ஏறத்தாழ 15 கிராம். விசையை ஒருமுறை அழுத்தினால் அரை டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்றில் போகும். ஐம்பது தோட்டாப் பெட்டி, கொண்டுபோன காபி ஆறுவதற்குள் காலி.

பக்கத்து லேனில் ஒரு தாத்தா நிற்பார். எல்லா ரேஞ்சிலும் ஒருவர் இருப்பார். அவர் கையில் .22. சத்தம் சீனிப்பட்டாசு மாதிரி. இரண்டரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு. விலை ஏழெட்டு சென்ட். நீங்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பையை மூடும்போது அவர் இன்னும் பாதி டப்பாவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. அப்போது இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, கையில் இருக்கும் .45-ஐயே .22 சுட வைக்கும் மாற்று கிட். இன்னொன்று, பயிற்சிக்கென்றே தனியாக ஒரு .22 பிஸ்டல்.

கிட் என்றால் என்ன என்று வீட்டில் கேட்பார்கள். கிரைண்டரை உதாரணம் சொல்லுங்கள். அடியில் மோட்டார் அப்படியே இருக்கும். மேலே கல்லை எடுத்துவிட்டுத் தேங்காய்த் துருவியை மாட்டுகிறோம் அல்லவா, அதுதான். பிஸ்டலின் பிடியும் விசையும் உள்ள கீழ்ப்பகுதி, அதாவது பிரேம், அப்படியே இருக்கும். மேலே உள்ள ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், கூடவே மேகசின், இவை மட்டும் மாறும். ஒரே நிமிட வேலை. (நான் இந்த உதாரணத்தைச் சொன்ன அன்று மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “கிரைண்டரோட வந்த துருவி எங்கங்க?” அதற்குப் பிறகு வருவோம்.)

இனி கணக்கு. கிட் 350 டாலர் என்று வையுங்கள். தோட்டாவுக்கு 40 சென்ட் மிச்சம். 875 தோட்டா சுட்டால் போட்ட முதல் வந்துவிடும். வாரம் நூறு என்றால் ஒன்பது வாரம். அதற்கப்புறம் எல்லாம் லாபம். இதை ஒரு எக்ஸெல் தாளில் போட்டு, கோடு கீறிக் காட்டினால் பார்க்க மிக அழகாக இருக்கும். தாளை அங்கேயே மூடிவிடுவது நல்லது. ஏனென்றால் மலிவாகக் கிடைப்பதை யாரும் ஐம்பதோடு நிறுத்துவதில்லை. முன்பு ஒரு ஞாயிறுக்கு ஐம்பது .45, செலவு இருபத்திரண்டு டாலர் சொச்சம். இப்போது ஒரே மூச்சில் ஐந்நூறு .22; செலவு நாற்பது டாலர். கூடவே, அந்த ஐந்நூறையும் சுட்டு முடிக்க ரேஞ்சில் இன்னொரு மணி நேர வாடகை. மிச்சம் பிடிக்கப் பிடிக்கச் செலவு ஏறும் இந்த வித்தைக்கு நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அந்தச் சுண்டைக்காயும் எப்போதும் சந்தையில் இருக்காது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் இறுகும் என்று நினைத்த ஒரு கூட்டம் கடைகளை வழித்துத் துடைத்தது. 2013-இலும் அடுத்த ஆண்டிலும் மிக மலிவான தோட்டாவான .22-தான் கிடைக்கவே இல்லை. கடை திறப்பதற்கு முன்பே வரிசை. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று ரேஷன். மலிவு என்பதற்காக .22-க்கு மாறியவர்கள், கிடைக்கிறது என்பதற்காக .45 சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

.45-ஐ .22 ஆக்கும் இந்த ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1911-ஐச் செய்து விற்ற கோல்ட் கம்பெனிக்கே வந்தது. 1931-இல் 1911-இன் உருவத்திலேயே .22 பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்து ‘ஏஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பிரச்சினை எளிது: சின்னத் தோட்டாவுக்குக் கனமான எஃகு ஸ்லைடைப் பின்னால் தள்ளத் தெம்பு போதவில்லை. தெம்பைக் கொடுத்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினாவில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர். 1921-இல் அவருடைய சாராய அடுப்பைப் பிடிக்கப் போன துணை ஷெரீஃப் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் சிறைக்குப் போனார். சிறைப் பட்டறையில் வேலை கொடுத்தார்கள். கைதிக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை! அங்கேதான் அவர் யோசனைகள் முளைத்தன. 1929-இல் வெளியே வந்தார். தோட்டா உட்காரும் அறையையே குழலிலிருந்து பிரித்து, தானாகப் பின்னால் நகரும்படி செய்தார் வில்லியம்ஸ். வெடிப்பின் வாயு அந்த அறையைத் தள்ள, அறை ஸ்லைடைத் தள்ள, .22 ஏறத்தாழ .45 மாதிரி உதைத்தது. 1937-இல் அது ‘சர்வீஸ் மாடல் ஏஸ்’ ஆனது. மறு ஆண்டு மாற்று கிட்டாகவும் வந்தது. அவர் கதையை 1952-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வைத்து ஹாலிவுட் படமாகவே எடுத்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மிதக்கும் அறைக்குள் ஈயமும் கரியும் சேர்ந்து இறுகிக்கொள்ளும், அடிக்கடி சுரண்ட வேண்டும் என்பது வாங்கிய பிறகு தெரியும். இன்னொரு செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது: .22 ஏஸ் வாங்கியவர்கள் அதை .45-ஆக மாற்றிக்கொள்ளவும் கோல்ட் ஒரு கிட் செய்து விற்றது. மலிவு வழியைத் தேடி வந்தவன் திரும்பிப் போகவும் அதே கடையில் பணம் கட்டினான்.

இன்றைய கிட்டுகளில் பெரும்பாலும் அலுமினிய ஸ்லைடு. லேசாக இருப்பதால் .22-ஏ தள்ளிவிடும். லேசாக இருப்பதால் கையில் கனம் வேறு, சமநிலை வேறு. பலவற்றில் கடைசித் தோட்டா போன பிறகு ஸ்லைடு திறந்து நிற்காது. நீங்கள் காலித் துப்பாக்கியை வைத்து மிகக் கவனமாகக் குறிபார்த்து ‘டிக்’ என்று சுடுவீர்கள். அதை நான்கு பேர் பார்ப்பார்கள்.

தோட்டா விஷயத்தில் கிட்டுக்கு நாக்கு ருசி அதிகம். .45-க்குப் பிரைமர், அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்து, அடியில் நடுநெற்றிப் பொட்டு மாதிரி இருக்கும். .22-க்குப் பொட்டு கிடையாது. மருந்து அடிவிளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும், ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது இன்றும் அப்படியேதான். விளிம்பின் ஒரு பக்கத்தில் மருந்து பரவாமல் போனால் தோட்டா ஊமை. மொத்த டப்பாவில் வரும் மலிவுச் சரக்கில் ஊமைகள் தாராளம். (ஊமையானால் உடனே பிடுங்கிப் பார்க்காதீர்கள். முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். இந்த ஒரு வரியில் நான் கேலி செய்யவில்லை.) ஆகவே கிட் வேகமான, நல்ல, பெயர் சொன்ன தோட்டாவைக் கேட்கும். விலை கூடும். எக்ஸெல் தாளைத் திறக்காதீர்கள் என்று சொன்னேனே.

சட்டம் கிட்டின் பக்கம். அமெரிக்க மத்திய சட்டத்தின் கண்ணில் வரிசை எண் பொறித்த பிரேம்தான் துப்பாக்கி. ஸ்லைடும் குழலும் வெறும் உதிரி பாகம். ஆகவே கிட் பொதுவாகத் தபாலில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். தனிப் பிஸ்டல் என்றால் கடைக்காரர், படிவம், பின்னணிச் சோதனை. நியூஜெர்சியில் இன்னும் ஒரு படி மேலே: ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு. அதற்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் நல்லவர் என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும், சொந்தக்காரர் கூடாது. நம்மவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கேட்டால்கூட அப்படி முகம் மாறாது.

தனிப் பிஸ்டலின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1949-இல் வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் போட்ட ஐம்பதாயிரம் டாலர் முதலில் கம்பெனி தொடங்கி முதலில் விற்றதே ஒரு .22 பிஸ்டல்தான், விலை முப்பத்தேழரை டாலர். மூன்று தலைமுறையாக அதைச் சுடுவது சுகம், கழற்றி மாட்டுவது நரகம் என்று பெயர். 2016-இல் வந்த நான்காம் மாடலில்தான் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிகிறது. பிரௌனிங்கின் பக் மார்க் உண்டு. கையில் காசு புரண்டால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 41 உண்டு; 1957-இலிருந்து புல்ஸ்ஐ போட்டிக்காரர்களின் செல்லப்பிள்ளை. அந்தப் போட்டியில் ஒற்றைக் கையால் 270 குண்டு சுட வேண்டும். அதில் 90 குண்டு .22. ஆக அவர்களுக்காவது .22 வாங்கக் காரணம் இருக்கிறது.

ஆனால் இந்தப் பிஸ்டல்களின் விசை வெண்ணெய். இரண்டு மாதம் அதில் சுட்டுப் பத்தில் பத்து வாங்கிவிட்டு .45-ஐ எடுத்தால், குண்டுகள் பழையபடி இடது கீழ் மூலைக்குப் போகும். வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் போகும். காரணம் துப்பாக்கி அல்ல. உதை வரப்போகிறது என்று விசை முடிவதற்கு முன்பே கை குறுகுகிறது. .45-இன் ஆர்ப்பாட்டத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. கிட்டை மாட்டினால் அதே பிடி, அதே விசை, உதை மட்டும் இல்லை. கை முன்னால் குனிவது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். கிட்டால் ஆகும் ஒரே உருப்படியான காரியம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதல் நாள் பார்த்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது.

(தோட்டாவே இல்லாத .45-ஐ இரண்டு முறை சோதித்து, பாதுகாப்பான சுவரைப் பார்த்து வெறும் விசை பழகினாலும் இது பாதி சரியாகும். செலவு பூஜ்யம். அதனால்தான் யாரும் சிபாரிசு செய்வதில்லை. பழைய .22-இல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தோட்டா இல்லாதபோது ஊசி குழல் விளிம்பையே கொத்திவிடலாம்.)

இரண்டில் எது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவமே வழிகாட்டி. நான் கிட் வாங்கினேன். ஒரு நிமிடத்தில் மாற்றலாம் என்றார்கள், மாற்றினேன். அடுத்த ஞாயிறு .45-க்குத் திரும்ப மாற்றச் சோம்பல். அதற்கடுத்த ஞாயிறும். நான்கு மாதம் .45-இன் மேல்பகுதி எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் படுத்திருந்தது. நல்ல ஸ்லைடு இப்படி வீணாகக் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. அதற்கென்று இன்னொரு பிரேம் வாங்க முடிவு செய்தேன். சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி அல்லவா? மறுபடி விண்ணப்பம், கடைக்காரர், படிவம், நான் நல்லவன் என்று சொல்ல இரண்டு பேர். ஆக, தனிப் பிஸ்டல் வேண்டாம் என்று கிட் வாங்கியவனிடம் இப்போது ஒரு .45-உம் தனியாக ஒரு .22-உம் இருக்கின்றன. மூன்றில் மிக அதிகச் செலவான வழி இது. இரண்டு வழி என்று தொடக்கத்தில் சொன்னதை மன்னிக்கவும்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்கு விளக்கினேன். ஸ்லைடு சும்மா கிடந்தது, பிரேம் மட்டும்தான் வாங்கினேன், பார்க்கப்போனால் மிச்சம்தான் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை கராஜில் பழைய அட்டைப்பெட்டிகளை இறக்கி அந்தத் தேங்காய்த் துருவியைக் கண்டுபிடித்துவிட்டாள். புத்தம் புதுசு, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கொண்டுபோய்க் கிரைண்டரில் மாட்டிப் பார்த்தாள். மாட்டவில்லை. அது பழைய கோயம்புத்தூர் கிரைண்டரோடு வந்தது. அதை வீடு மாறும்போது யாருக்கோ கொடுத்துவிட்டோம்.

“நல்ல துருவி, வீணாக் கிடக்கு பாருங்க” என்றாள். “இதுக்கு ஏத்த கிரைண்டரா ஒண்ணு வாங்கிடலாங்க. பார்க்கப்போனா மிச்சம்தானே?”