குவியத் தொலைவு மீமாம்சை

லென்ஸ் தெரிவு என்னும் சாஸ்திரம் இதுகாறும் முறையாக ஆராயப்படாமற் கிடப்பதற்குக் காரணம், அதில் அபிப்பிராயம் இல்லாத புகைப்படக்காரர் ஒருவரேனும் அகப்படாமையே ஆகும். நடுநிலையாளர் இல்லாத சபையில் விசாரணை நடப்பது எங்ஙனம்? ஆயினும், மணமேடைக்கும் பந்திக்கும் இடையே காமிராவும் தோளுமாக ஆயுளின் ஒரு பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையாலும், எல்லாக் கட்சியாரிடமும் லென்ஸ் இரவல் வாங்கியிருக்கிறேன் என்ற கடப்பாட்டாலும், இவ்விஷயத்தைத் தக்க பிரமாணங்களோடு நிறுவத் துணிகிறேன்.

இத்துறையில் மதங்கள் மூன்று. குவியத் தொலைவு மாறாத பிரைம் லென்ஸ் ஒன்றே மெய்ப்பொருள் என்போர் ஏகவாதிகள். கிட்டப் போக வேண்டியவன் காலால் நடந்து போகட்டும் என்பது அவர்கள் கொள்கை. 24-70 ஜூம் லென்ஸைக் கழற்றாமல் வைத்திருப்போர் அநேகவாதிகள்; தாலி கட்டும் நேரத்தில் கிட்ட நடந்து போனால் ஹோமகுண்டத்தில் அல்லவா காலை வைக்க நேரும் என்று இவர்கள் எழுப்பும் ஆட்சேபத்துக்கு ஏகவாதிகள் இன்றளவும் சமாதானம் கூறினாரில்லை. லென்ஸில் ஒன்றுமில்லை, எடுப்பவனிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்போர் சூனியவாதிகள். இப்பற்றற்ற வாக்கை உதிர்ப்போர் பையில் இரண்டு மூன்று லட்ச ரூபாய்க்குக் குறையாத கண்ணாடி இருக்கக் கண்டிருக்கிறேன்.

முதற்கண் சப்தப் பிரமாணம், அதாவது ஆன்றோர் வாக்கு. மனிதக் கண் காண்பது போலவே 50 மி.மீ. லென்ஸ் காண்கிறது என்பது இத்துறையின் வேதவாக்கியம். கண்ணையே சாட்சிக்கு அழைத்து விசாரித்தாலோ, இரு கண்களுமாக ஏறத்தாழ அரைவட்டப் பரப்பை மங்கலாகவும், நடுவே ஓரிரு பாகை அளவை மட்டும் துல்லியமாகவும் காண்பதாக வாக்குமூலம் கொடுக்கிறது. இவற்றுள் எதை 50 என்பது? படச்சட்டத்தின் மூலைவிட்டமே இயல்பான குவியத் தொலைவு என்னும் கணித விதியைக் கொண்டு பார்த்தாலும், 24-க்கு 36 மி.மீ. சட்டத்துக்கு 43 சொச்சம்தான் கிடைக்கிறது. ஆகவே 50 சிம்மாசனம் ஏறியது கண்ணின் சிபாரிசினாலன்று. ஆஸ்கார் பார்னாக் ஆக்கிய லைக்கா காமிரா 1925-இல் லைப்ஸிக் சந்தைக்கு வந்தபோது, மாக்ஸ் பெரெக் கணக்கிட்டுத் தந்த 50 மி.மீ. லென்ஸ் அதன் முகத்தில் இருந்தது. பின்னர் கார்த்தியே பிரெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சுப் பெருங்கலைஞர் பெரும்பாலும் அதையே கைவிடாது பற்றி நின்றார். பட்டாபிஷேகத்துக்கு இவ்வளவு போதுமானதாயிற்று.

அடுத்தது அனுமானப் பிரமாணம். துவாரம் பெரிதாயிருந்தால் படம் சிறப்பாயிருக்கும் என்று ஊகிப்பது. 1840-இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர், பீரங்கிப் படையின் கணக்கர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு 3.6 துவாரமுள்ள உருவப்பட லென்ஸைக் கணித்துத் தந்தபோது, நிமிஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர்களுக்கு உண்மையாகவே விமோசனம் பிறந்தது. ஸ்டான்லி கியூப்ரிக்கும் 1975-இல் வெளியான 'பேரி லிண்டன்' படத்துக்காக மெழுகுவர்த்தி வெளிச்சத்தை நம்பியபோது, அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கென ஸைஸ் கம்பெனி செய்திருந்த 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்ததில் நியாயம் உண்டு. நம்மவர் வாங்கும் 1.2 துவாரமுள்ள லென்ஸ், 1.8 துவாரமுள்ளதைவிட இரண்டேகால் மடங்கு ஒளியை உட்கொள்கிறது. விலையோ ஒரே கம்பெனியில் பத்து மடங்கைத் தாண்டுவதும் உண்டு. வீடியோக்காரரின் விளக்கு மாப்பிள்ளையின் கண்ணைக் கூசச் செய்யும் மேடையில், அதைக் கொண்டுவந்து 8-க்கு மூடி வைத்துப் படமெடுப்பார்கள்.

பிரத்தியட்சப் பிரமாணம் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. புது லென்ஸ் வாங்கியவர் எதிர்வீட்டுச் செங்கற்சுவரைப் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்து, வலது கீழ் மூலையைக் கண்டு பெருமூச்செறிவார். செங்கற்சுவருக்கு ஆல்பம் போடச் சொல்லி எவரும் முன்பணம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

உண்மையில் இச்சாஸ்திரத்தின் மர்மஸ்தானம் குரூப் போட்டோவில் இருக்கிறது. அகன்ற லென்ஸ் நேர்கோடுகளை நேராகவே காட்டுவதற்காக ஓரத்துப் பொருள்களை வெளிப்புறமாக இழுத்துவிடுகிறது. 24 மி.மீ. லென்ஸில் சட்டத்தின் ஓரத்தில் அகப்பட்ட உருண்டையான தலை, தன் உயரத்தைக் காட்டிலும் கால் பங்கு அதிக அகலம் பெறுகிறது. 50-இல் இந்தத் தோஷம் நூற்றுக்கு ஆறே. நடுவில் நிற்கும் மணமக்களுக்கும் அவர்களை ஒட்டி நிற்கும் சம்பந்திகளுக்கும் யாதொரு பங்கமும் இல்லை. எங்கோ ஓரத்தில், தாமதமாக வந்து, அல்லது பத்திரிகை நேரில் வைக்கவில்லை என்ற மனத்தாங்கலோடு வந்து நிற்கும் அத்தை ஒருவர்தாம் ஆல்பத்தில் அகன்று தோன்றுகிறார். இது ஒளியியல் செய்த காரியம் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. அண்ணி செய்த காரியம் என்பதே அவருடைய தீர்மானம்.

அப்படியானால் 50-ஐ மாட்டிக்கொண்டு பின்னால் போவதுதானே என்று கேட்கலாம். 6 மீட்டர் அகலத்துக்கு வரிசையாக நிற்கும் குடும்பத்தை 24 மி.மீ. லென்ஸ் 4 மீட்டர் தூரத்திலேயே அடக்கிவிடும். 50-க்கு 8 மீட்டருக்கு மேல் வேண்டும். எட்டு மீட்டர் பின்னே போனால் மேடை முடிந்து, மொய்க் கவரோடு நிற்போரின் வரிசையும் கடந்து, நாற்காலிகளுக்கு நடுவே நின்று, முன்வரிசைத் தாத்தாவின் பார்வையை மறைத்த பாவத்துக்கும் ஆளாக வேண்டும். ஆகவே, லென்ஸைத் தெரிவு செய்வது புகைப்படக்காரர் என்பது வெறும் பிரமை. மண்டபத்துக்குப் பிளான் போட்ட மேஸ்திரி பல ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தெரிவு செய்துவிட்டார். ஏகவாதி, அநேகவாதி இருவரும் அவர் போட்ட சுவருக்குள் நின்றுதான் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தோஷத்துக்குப் பரிகாரமாக, ஒல்லியான குழந்தைகளை இருபுறமும் ஓரத்தில் நிறுத்தும்படி தொழிலில் மூத்தவர்கள் விதித்திருக்கிறார்கள். சாஸ்திரோக்தமான ஏற்பாடுதான். ஆனால் காமிராவைக் கண்ணில் வைக்குமுன் குழந்தைகள் ஐஸ்கிரீம் கொடுக்கும் பக்கம் ஓடிவிடுகின்றன. காலியான இடத்தில் ஒரு சித்தப்பா வந்து நின்றுகொள்கிறார்.