ஆகஸ்ட் விடுமுறையில் சீனம் பயிலும் யாழ்ப்பாண ஆசிரியர்: ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆசிரியர் ஒருவர் சீனம் படிக்கச் சீனாவுக்குப் போவதற்கு ஆண்டில் ஒரு பருவந்தான் தோதானது. சீனப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டாருக்கான கோடைகால மொழி வகுப்புகளை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடத்துகின்றன. இலங்கைப் பாடசாலைகளின் இரண்டாம் தவணை விடுமுறையும் வழக்கமாக ஆகஸ்டில்தான் வரும். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் மகோற்சவமும் பெரும்பாலும் அதே நாள்களில்தான். ஆகவே இத்துறையின் முதற்சிக்கல் மொழியியலில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது. விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் புலமைப்பரிசில் கிடைக்கக்கூடும். "தேருக்கும் நிக்கமாட்டியோ?" என்று தாயார் கேட்பதற்கு எந்தத் தூதரகமும் ஈடு கொடுப்பதில்லை.

வரலாற்றைப் பார்த்தால், படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள் முதலில் சீனரே. பாசியான் என்ற பிக்கு 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, ஏடுகளைத் தேடி இரண்டு ஆண்டுகள் தங்கினார். அநுராதபுரத்தில் ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறியைப் புத்தர் சிலைக்குப் படைத்ததைக் கண்டு, ஊர் நினைவில் கண்ணீர் விட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். யாழ்ப்பாண ஆசிரியருக்கு இதே நோய் சீனத்துப் பழக்கடையில் தேங்காயைக் காணும்போது வருகிறது. சீனர் இங்கு வந்ததற்கு அடுத்த சான்று காலியில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்த அந்தக் கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சீனர் தமிழில் எழுதி அனுப்பிய ஓலைக்குச் சீனத்திலேயே பதில் எழுதும் கடமை, ஆறு நூற்றாண்டு கழித்து, விஞ்ஞானமோ சமூகக்கல்வியோ படிப்பிக்கும் ஒருவரின் தலையில் விழுந்திருக்கிறது.

போவதற்கான காரணங்கள் பல. க.பொ.த. உயர்தரத்தில் சீனமும் ஒரு பாடம்; குடாநாட்டில் எந்த அறிவும் ரியூசன் கொட்டிலை அடைந்த பிறகே முழுமை பெறும். களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் கன்பியூசியஸ் நிறுவகம் இயங்கினாலும், அங்கே போகவே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பஸ்ஸில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவர் பெய்ஜிங்குக்கே போகலாம் என்று நினைப்பதில் பிழையில்லை. எல்லாவற்றிலும் வலுவான காரணம் கடலட்டை. வடக்குக் கடலில் பிடித்தும் வளர்த்தும், அவித்து உலர்த்தியும் ஏற்றுமதியாகும் இப்பண்டத்தைச் சீனர் விருந்துக்கு வாங்குகின்றனர். குடாநாட்டில் அதைக் கறிச்சட்டியில் போடுவார் இல்லை. விற்பவருக்குத் தின்னத் தெரியாது, தின்பவருக்கு விற்பவரின் பாஷை தெரியாது. இந்த இடைவெளியில் ஓர் ஆசிரியர் தாராளமாக நிற்கலாம்.

சீனத்தின் நான்கு தொனிகளில் ஆசிரியத் தொழில் செய்பவருக்கு மூன்று பிறவிச் சொத்தாகவே வாய்க்கின்றன. உயர்ந்து சமமாக நிற்கும் முதல் தொனி, இடாப்புக் கூப்பிடும் குரல். மேலேறும் இரண்டாம் தொனி, "தாவரங்கள் எதைத் தயாரிக்கும்? உண…?" என்று இழுத்து, மிச்சத்தை வகுப்பு நிரப்பக் காத்திருக்கும் குரல். வெட்டென விழும் நான்காவது, ஏச்சு. தாழ்ந்து வளைந்து மீண்டும் எழும் மூன்றாம் தொனிதான் அவரைத் திணறடிக்கிறது. வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளை "சேர்…" என்று தொடங்கும் தொனி அது. அதை ஆயிரம் முறை கேட்டவருக்கும் தன் வாயால் சொன்ன பழக்கம் விட்டுப்போயிருக்கும். சீன ஆசிரியை வீட்டுவேலைக் கொப்பியைக் கேட்கும் நாளில் அது தானாக வந்துவிடுவதுண்டு.

மூச்சொலிகளுக்கு வேறு பயிற்சி. உதட்டின் முன் காகிதத் துண்டைப் பிடித்து ஒலிக்க வேண்டும். மூச்சுள்ள பகரத்துக்குக் காகிதம் ஆட வேண்டும், மூச்சில்லாததற்கு ஆடக்கூடாது. தமிழ் நாக்கு இரண்டையும் பிரித்துப் பழகாததால் காகிதம் இரண்டு முறையும் அசைவற்றிருக்கும். இதற்கு ஈடாக ழகரம் கைகொடுக்கிறது. சீனத்தில் அதற்கு மிக நெருங்கிய ஓர் ஒலி உண்டு. ஐரோப்பிய மாணவர்கள் அதற்காக நாளெல்லாம் நாக்கை மடிப்பார்கள். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரமாகிப் போனதை நினைத்தால், ஊரில் விட்ட எழுத்தைச் சீனாவில் போய் எடுப்பது இவர் ஒருவரே.

எழுத்தில் முதற்பாடம் எண்கள். ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று; 247 எழுத்துப் படித்த சமூகத்தவருக்கு இது விளையாட்டாகத் தோன்றும். நான்கு வந்ததும் கோடுகள் போய் ஒரு பெட்டி வருகிறது. இடச்சுவர், மேலும் வலமும் ஒரே இழுப்பு, உள்ளே இரண்டு கீற்று, கடைசியில் கீழ்க்கோட்டால் மூட வேண்டும். மூடிவிட்டு உள்ளே எழுதினால், பார்வைக்குச் சரியாக இருந்தாலும் பிழையே. சதுரம் போட்ட தாளில் இதை நூறு தரம் எழுதி முடிக்கும் இரவில், பொதுவழக்கிலுள்ள முதல்நிலை எழுத்துகள் 3500 என்ற செய்தியை அவருக்குச் சொல்லாமல் விடுவது நலம்.

உணவு பற்றிச் சிறிது. நல்லூர்க் கொடியேறினால் மச்சம் தொடாதவருக்குச் சீனத்து மரக்கறித் தட்டிலும் பன்றிக்கொழுப்பின் ஐயம் தீராது. பௌத்த மடங்களின் சைவச் சாப்பாடே அடைக்கலம். அங்கே உள்ளியும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை என்று அறியும்போது, தம்மைவிடப் பெரிய சைவக்காரரைக் கண்ட சிறு மனவருத்தம் அவருக்கு ஏற்படும்.

ஊர் திரும்பியபின் இவ்வறிவு முதலில் சோதிக்கப்படுவது கலியாண வீட்டில். "சீனத்திலை ஒருக்கா கதையுங்கோவன்" என்ற வேண்டுகோளுக்கு ஒன்று முதல் பத்துவரை எண்ணிக் காட்டுவது போதிய விடையாக ஏற்கப்படுகிறது. மூன்றாம் தவணையில், தானும் எழுதிக் கை நொந்தவர் இனி இரங்குவார் என்று மாணவர் நம்புவர். கிடைக்கும் சான்றுகள் இதற்கு எதிரானவை. நூறு தரம் எழுதியதால்தான் நான்கு மனத்தில் நின்றது என்று அவர் உறுதியாக நம்புகிறார். முன்பு ஐம்பது தரம் எழுதச் சொன்னதை இப்போது நூறு தரம் எழுதச் சொல்கிறார்; எந்தக் கோட்டை முதலில் இழுத்தாய் என்றும் கேட்கிறார்.