மஞ்சள் வரை போகும் கலகக்காரர்

தஞ்சோங் பகார் அலுவலகங்களில் மாடிக்கு ஒருவராவது இவரைப்போல் இருக்கிறார். கார் ஒன்றுகூட வராத சாலையிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்பார். காப்புறுதிப் பத்திரத்தின் பொடி எழுத்தையும் விடாமல் படிப்பார். வீட்டுக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்ததும் ஆள் வேறு. ரேமை ஓவர்கிளாக் செய்கிற கூட்டம். எங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்குப் பெயர் ‘மில்லிவோல்ட்’, நேரில் அண்ணன்.

டிடிஆர்5 ரேம் பெட்டியில் 6000 என்று பெரிதாக அச்சடித்திருப்பான். செருகினால் 4800-ல், 1.1 வோல்ட்டில் சாதுவாக ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ போட்டால்தான் 6000. அதற்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும். மற்றவர்கள் அதோடு எழுந்து போய்விடுவார்கள். அண்ணன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போடுவார். 1.36, 1.37, 1.38... சில மதர்போர்டுகளில் வோல்ட்டேஜ் ஏற ஏற எண்ணின் நிறம் மாறும். அண்ணன் மஞ்சள் வரை போவார். சிவப்பைக் கண்டால் அந்த நொடியே இறங்கிவிடுவார். மதர்போர்டு ஒப்புதலோடு நடக்கும் கலகம் இது. சிங்கப்பூரில் வேறெப்படி நடக்கும்? உயர வரம்பால் மூன்று கோபுரங்கள் 280 மீட்டரிலேயே நின்றுவிட்டிருந்த நகரத்தில், குவோக்கோ டவர் 290-க்கு எழும்பியதும் அனுமதி வாங்கித்தானே!

2023-ல் ரைசன் 7000 வரிசையில் சில சில்லுகள் கருகியதும், ஏஎம்டி எஸ்ஓசி வோல்ட்டேஜுக்கு 1.3 என்று வரம்பு கட்டியதும் அவருக்கு மனப்பாடம். புதிதாக ரேம் வாங்கியவர்களிடம், பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டும் பாட்டியைப்போல் அந்தக் கதையைக் குரல் தாழ்த்திச் சொல்வார்.

ஓர் எண்ணை மாற்றினால் போதும், திரை கறுத்துவிடும். ‘மெமரி டிரெயினிங்’ நடக்கிறதாம். சில நிமிடம் பிடிக்கும். அண்ணிக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் கணினி வேண்டியிருக்கும்.

“என்னங்க, பிள்ளையோட வீட்டுப்பாடத்தைப் பிரிண்ட் எடுக்கணும்.”

“டிரெயினிங் நடக்குது, கொஞ்சம் பொறு.”

“யாருக்கு?”

“ரேமுக்கு.”

“பிள்ளைக்குத்தான்னு நினைச்சேன்.”

திரை வரவே இல்லையென்றால் பக்கத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டின் சின்ன பேட்டரியை உருவி, மறுபடி மாட்ட வேண்டும். செய்த மாற்றமெல்லாம் மறைந்து, கணினி 4800-க்கே வந்து நிற்கும். மறுநாள் அலுவலகத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வெயில் இன்னொரு வில்லன். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், சூடேறினால் இன்னும் வேகமாக. அண்ணனோ அந்தத் துளிகளைப் புதுப்பிக்கும் இடைவெளியை இழுத்து நீட்டி வைத்திருப்பவர். நடுப்பகலில் பிழை வராமல் என்ன செய்யும்? கணினி அறையில் ஏசி நிற்பதே இல்லை. மாமியாருக்கு ஏசி ஆகாது. “அத்தை, நீங்க வேணும்னா ஹாலில் படுத்துக்கங்க” என்று பணிவாகத்தான் சொன்னாராம். டெஸ்ட்மெம்5 விடிய விடிய ஓடி ‘பிழை இல்லை’ என்று முடித்தால் வாட்ஸ்அப்பில் படம் வரும். மகன் பிறந்த செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

இத்தனை வேகத்தில் என்ன ஓடுகிறது? எக்செல். யூடியூப். அத்தைக்குச் சீரியல்.

தஞ்சோங் பகார் பிளாசா உணவங்காடியில் கோப்பி ஓ குடிக்கும்போது கணக்குப் போட்டுக் காட்டினேன். 6000-க்கு சிஎல்30 என்றால் தாமதம் 10 நானோ நொடி. பழைய டிடிஆர்4, 3200-க்கு சிஎல்16, அதுவும் 10. இருபது வருடத்துக்கு முந்தைய டிடிஆர் 400, சிஎல்2; அதுவும் அதே 10.

அண்ணன் கோப்பியைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி டிஷ்யூ தாளில் ஏதோ வகுத்தார்.

“சிஎல்28 போட்டா 9.33 வரும் தம்பி. 1.4 கொடுத்தா நிக்கும்னு நினைக்கிறேன். இன்னிக்கு ராத்திரி பார்த்துடறேன்.”