மிதித்து வாங்கிய உலகக் கிண்ணம்

1996 உலகக் கிண்ணத்தை அர்ஜுன ரணதுங்கவும் அரவிந்த டி சில்வாவும் வென்றதாகத்தான் புத்தகங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். வன்னியில் அதை வென்றது ஒரு லுமாலா சைக்கிள்.

1990 இல் சண்டையோடு போன கரண்ட் திரும்பி வரவில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். செத்த பற்றறிக்கு ஆணியால் ஓட்டை போட்டு, உப்புத்தண்ணி விட்டு, வெயிலில் காயவைத்து உயிர்ப்பித்துப் பார்த்தோம். அதுவும் கண்ணை மூடியபிறகு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, வயரை றேடியோவுக்குக் கொடுத்துவிட்டு ஒருவன் ஏறி மிதிப்பான். அவன் களைத்தால் வர்ணனையாளருக்குத் தொண்டை அடைக்கும். விக்கெட் விழுந்தால் இன்னும் மோசம். “ஆரடா அவுட்?” என்று அவன் காலை நிறுத்துவான், றேடியோவும் வாயை மூடும். மறுபடி சத்தம் வருவதற்குள் முற்றத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொருவரை ஆட்டமிழக்கச் செய்திருப்பார்கள்.

வர்ணனை வந்தது சிங்களத்தில். 83 கலவரத்துக்கு முந்திக் கொழும்பில் கடை வைத்திருந்த சின்னமாமாதான் மொழிபெயர்ப்பாளர். ஒரு பந்தை அவர் விளக்கி, அதில் தன் அபிப்பிராயத்தையும் சேர்த்து முடிக்கும்போது மைதானத்தில் ஓவரே முடிந்திருக்கும். அந்த அபிப்பிராயங்களை மறுக்க இருந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த உறவுக்காரர். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904 இலிருந்து மோதுகிற மண்ணில் பிறந்ததால் கிரிக்கெட் தங்கள் சீதனக் காணி என்பது அவர்களின் எண்ணம். உரப்பையோடு வந்திறங்கியவர்கள் அந்த எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டு வரவில்லை.

முதலில் கொண்டாட்டங்கள். பெப்ரவரி 11 இல் கல்கத்தாவில் தொடக்க விழா. லேசர் காட்சிக்குக் கட்டிய திரை காற்றில் பறந்து படம் சிதறிப்போனதாம். வன்னியில் லேசர் ஒருநாளும் பிழைத்ததில்லை. கரண்ட் இல்லாத ஊரின் அனுகூலம் அது.

இரண்டு நாள் கழித்து, 13 ஆம் திகதி, கொழும்பில் உண்மையான திருவிழா. ஜனவரி 31 இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்துப் பெருந்தொகைச் சனம் செத்திருந்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் விளையாட மறுத்துவிட்டன. பயந்ததில் பிழையில்லை. ஆனால் ஷேன் வோர்ன் கடைத்தெருவுக்குப் போகவே பயம் என்கிற தோரணையில் பேசியதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. எங்கடை ஊரில் கடைக்குப் போக ஒருவரும் பயப்பட்டதில்லை. போனால் கடையில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

பயமில்லை என்று காட்ட இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாக வந்து இலங்கையோடு ஆடின. அசாருதீன் தலைவர். வசீம் அக்ரம் பந்து போட, களுவிதாரண அடிக்க, சச்சின் பிடித்தார். “இதைப் பிடிச்சது ஆர் எண்டு திரும்பக் கேளுங்கோ” என்று வாத்தியார் ஒருவர் அடம்பிடித்தார். அறுபது வயதுவரை அவர் படிப்பித்த சரித்திரம் அந்த ஒரு பிடியில் அடிபட்டுப்போனது.

அடுத்த சிக்கல், ஆருக்கு ஆதரவு என்பது. முற்றத்தில் பாதி இந்தியா; மீதி எவரானாலும் சரி, இலங்கை தோற்றால் போதும். ஆனால் அந்த அணியில் இருந்த தமிழன் முரளி? முந்திய வருடம் டிசம்பர் 26 இல் மெல்பேணில் நடுவர் டரல் ஹெயார் அவருக்கு ஏழுமுறை ‘நோ-போல்’ சொன்னபோது வன்னியே தன் முழங்கை பிடிபட்டதுபோலத் துடித்தது. ஆகவே ஒரு தீர்மானம் நிறைவேறியது: இலங்கை தோற்கவேண்டும், முரளி விக்கெட் எடுக்கவேண்டும். அவர் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலைக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் அவ்வளவு பிஸ்கட் இருக்க இந்த மனுசன் ஏன் வெயிலில் பந்து போடுகிறார் என்பது மட்டும் சிறுவர்களுக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 13, கல்கத்தா அரையிறுதி. சைக்கிள் வேகம் பிடிப்பதற்குள் ஜயசூரியவும் களுவிதாரணவும் சிறிநாத்தின் முதல் ஓவரிலேயே போய்விட்டார்கள். இந்தியக் கட்சி துள்ளியது. பிறகு அரவிந்த 47 பந்தில் 66 அடித்தார், கட்சி அமர்ந்தது. ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா எட்டுக்கு 120 ஆனதும் கல்கத்தாச் சனம் போத்தல் எறிந்து, இருக்கைப்பக்கம் தீ வைத்து, ஆட்டத்தையே நிறுத்தியது. முற்றத்தில் எல்லாரும் வாயடைத்திருக்க, அம்மம்மா மட்டும் கேட்டா: “எவ்வளவு போத்தலடா எறிஞ்சவங்கள்? எத்தினை குப்பி விளக்குச் செய்திருக்கலாம்!” அந்த ஆட்டத்தைப் பற்றி அதைவிட நல்ல விமர்சனம் இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை.

17 ஆம் திகதி லாகூரில் இறுதி. ஒரு விக்கெட்டுக்கு 137 என்று ஓடிய அவுஸ்திரேலியா 241 இல் நின்றது. இலங்கை இரண்டுக்கு 23 ஆனபோது முற்றத்தில் பாதிச் சனம் நிம்மதியாகப் படுக்கப் போனது. பிறகு வந்தார் அரவிந்த. மூன்று விக்கெட், இரண்டு பிடி, ஆட்டமிழக்காமல் 107. இனி அந்த மனுசனுக்கு மைதானத்தைக் கூட்டுகிற வேலை மட்டும்தான் மிச்சம். மறுமுனையில் அர்ஜுன. மற்றவர்கள் ஓட்டம் எடுப்பார்கள். அவர் காலாற உலாத்திவிட்டு வருவார், அதையும் நடுவர் ஓட்டமாக எண்ணிக்கொள்வார். கடைக்குப் போகப் பயந்த வோர்னுக்கு அவர் ஒரு சிக்ஸர் அடித்ததும், படுக்கப் போன பாதி எழும்பி வந்தது. 22 பந்து மிச்சமிருக்க வெற்றி.

கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மிதித்தவன்தான் முதலில் தட்டினான். இவ்வளவு மிதித்தும் தோற்றிருந்தால் அவனுக்குத்தான் நட்டம். அவன் தட்டியதில் சைக்கிள் நின்று, பெனாசிர் பூட்டோ கிண்ணம் கொடுத்த வர்ணனை எங்களுக்குக் கிடைக்காமலே போனது.

மே மாதம் கொழும்பு மின்சாரம் மிச்சம்பிடிக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. மிச்சம்பிடிக்க மின்சாரமே இல்லாத வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. கொழும்பில் பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு ஒன்பதரைக்குத் தொடங்கியது. ஆகவே எதையும் அரை மணித்தியாலம் முந்தி அறிந்தவர்கள் நாங்கள் என்பது சின்னமாமாவின் வாதம். 2006 ஏப்ரலில் கொழும்பு மணிக்கூட்டைத் திருப்பி எங்கள் நேரத்துக்கே வந்து சேர்ந்தது. மூன்றாம் நடுவர் தீர்ப்புச் சொல்லப் பத்து வருசம் எடுத்திருக்கிறார். எண்டாலும் தீர்ப்பு எங்கடை பக்கம்தான்.