நாலு டன் உப்பும் ஒரு துரையும்

பதவி போன அரசியல்வாதியை வீட்டில் வைத்துச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மனைவிக்குக் கஷ்டம், அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவருக்கு அதைவிடக் கஷ்டம். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது 50. உடம்பில் தெம்புக்கும் வாயில் பேச்சுக்கும் ஒரு குறைச்சலும் இல்லை. தானே பார்த்து உட்காரவைத்த டாஃப்டை நிம்மதியாக ஆளவிட வேண்டுமானால் ஆசாமி கொஞ்ச காலம் கண்காணாத இடத்துக்குப் போயாக வேண்டும். காசி, ராமேஸ்வரம் போகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். பதவி முடிந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

சும்மா மிருகங்களைச் சுட்டுத்தள்ளப் போகிறேன் என்றால் ஊர் நாலு விதமாகப் பேசும். காட்டையும் பறவையையும் காப்பாற்றச் சட்டம் போட்டவர், ஐந்து தேசியப் பூங்காக்களை உண்டாக்கியவர் என்று வேறு பெயர். போதாக்குறைக்குக் கரடிக் கதை ஒன்று ஊரெல்லாம் பரவியிருந்தது. 1902இல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, மரத்தில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதை ஒருவர் கார்ட்டூனாக வரைய, கடைக்காரர்கள் பொம்மையாகத் தைக்க, உலகத்துக் குழந்தைகள் எல்லாம் அவர் செல்லப்பெயர் கொண்ட ‘டெடி’யைக் கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தன. அந்தக் கரடியைக் கத்தியால் முடித்துவிடும்படி அவரே சொன்னாரே, அதை எந்தப் பொம்மைக்கடையிலும் சொல்வதில்லை.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் புது அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருந்தது. கட்டடம் ரெடியாகிறது, உள்ளே வைக்கச் சரக்கு வேண்டும். ‘நான் சுடுகிறேன், நீங்கள் பாடம் பண்ணி வையுங்கள்’ என்று பேச்சு முடிந்தது. மூன்று இயற்கை அறிஞர்களைக் கூட்டிக்கொண்டார்: மேர்ன்ஸ், ஹெல்லர், லோரிங். அருங்காட்சியகத்தின் பங்குச் செலவுக்கு ஆண்ட்ரூ கார்னகி போன்ற பணக்காரர்கள் பையைத் திறந்தார்கள். தன் பங்குக்கும் மகன் கெர்மிட்டின் பங்குக்கும், போகிற கதையை எழுதித் தருவதாகச் சொல்லி ஸ்கிரிப்னர்ஸ் பத்திரிகையிடம் 50,000 டாலர் வாங்கிவிட்டார். தனியாகப் போய்ச் சுட்டால் அது வேட்டை. அருங்காட்சியகத்தின் பெயரில் போய்ச் சுட்டால் ஆராய்ச்சி.

கிளம்பும்போது கோடீஸ்வரர் ஜே.பி. மார்கன், ஒவ்வொரு சிங்கமும் தன் கடமையைச் செய்யட்டும் என்று கோப்பையை உயர்த்தினார் என்றொரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, வால் ஸ்ட்ரீட்டில் பாதிப் பேருக்கு அந்த ஆசை இருந்திருக்கும். பெரிய கம்பெனிகள்மேல் வழக்கு வழக்காகப் போட்டு உயிரை எடுத்தவர் இல்லையா!

இனி மூட்டைமுடிச்சுகள். தோலைப் பதப்படுத்த மட்டும் நாலு டன் உப்பு. சுமைகூலி ஒருவர் தலையில் 60 பவுண்டு என்பது அந்த ஊர்க் கணக்கு. அப்படிப் பார்த்தால் உப்புக்கே 130 தலைகளுக்கு மேல் வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். சுமந்தவர்கள் நினைத்துத்தான் இருப்பார்கள், என்ன வார்த்தையில் என்பது வேறு விஷயம். பாஸ்டன் பீன்ஸ் டப்பா, கலிபோர்னியா பீச் பழ டப்பா, தக்காளி டப்பா. கண்ணாடி மட்டும் ஒன்பது ஜோடி. குத்துச்சண்டை வீரர் ஜான் சல்லிவன் கொடுத்த, தங்கப் பூண் போட்ட முயல்கால் ஒன்று, அதிர்ஷ்டத்துக்கு. முயலுக்கு அது என்ன அதிர்ஷ்டம் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தது புத்தக மூட்டை. ஹோமர், ஷேக்ஸ்பியர், பைபிள், ஹக்கிள்பெரி ஃபின் என்று ஏறத்தாழ 60 புத்தகங்கள். ரத்தமும் வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் பட்டாலும் கெடாமல் இருக்க எல்லாவற்றுக்கும் பன்றித்தோல் அட்டை. அலுமினியப் பெட்டியில் அடுக்கினால் சரியாக ஒரு ஆள் சுமை. கிரேக்கக் காவியத்தையும் டென்மார்க் இளவரசனையும் தலையில் வைத்துக்கொண்டு முள்ளுக்காட்டில் வெறுங்காலோடு நடந்த அந்த மனிதனைப் பற்றி இலக்கிய வரலாறு மூச்சு விடுவதில்லை. ரூஸ்வெல்டோ, சுட்ட மிருகத்தைத் தோலுரிக்க ஆள் வரும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். அவரே எழுதியிருக்கிறார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

ஏப்ரலில் மொம்பாசாவில் இறங்கி உகாண்டா ரயிலில் ஏறினார். ஏறினார் என்றால் பெட்டியில் அல்ல. இன்ஜினின் முன்மூக்கில், மாடு தள்ளும் இரும்புச் சட்டத்துக்கு மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள். தற்காலிகக் கவர்னரும் முன்னாள் ஜனாதிபதியும் அதில் உட்கார்ந்து சினிமா பார்ப்பதுபோல மிருகங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டு வருஷம் முன்னால் இதே பாதையில் இதேமாதிரி உட்கார்ந்து போனவர் வின்ஸ்டன் சர்ச்சில். அந்தத் தண்டவாளத்தைப் போட இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலிகளைக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். 1898இல் சாவோவில் இரண்டு சிங்கங்கள் கூடாரம் கூடாரமாகப் புகுந்து அவர்களில் பலரை இழுத்துப் போயின. கூலிக்குப் பலகை கிடையாது, சிங்கம்தான் அவனைப் பார்க்க வந்தது.

கபிதி சமவெளியில் இறங்கினால், வரவேற்க ஒரு பட்டாளமே நிற்கிறது. சுமைகூலிகள், துப்பாக்கி ஏந்திகள், காவல்காரர்கள், சமையல்காரர்கள் எல்லாம் சேர்த்து 250 பேருக்கு மேல். துரையின் கூடாரத்துக்கு முன்னால் அமெரிக்கக் கொடி. பின்னால் குளியலறை, வெந்நீர். வனவாசம்தான், ஆனால் ராமர் பார்த்தால் பொறாமைப்படுகிற வனவாசம். கூலிகள் அவருக்கு மரியாதையாக ‘பெரிய துரை’ என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் ‘தொப்பைத் துரை’ என்றார்கள் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின. முதல் பெயரை அவர் புத்தகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சுடுவதில் சூரரா? அவருக்கு ஒரு கண் பார்வை ஏறக்குறைய இல்லை. வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே குத்துச்சண்டை போட்டுக் கெடுத்துக்கொண்டது. நிறையச் சுட்டார். நன்றாகச் சுட்டார் என்று அவரே சொல்லிக்கொள்ளவில்லை. கெர்மிட் அதற்கு மேல். குறி சுமார், துணிச்சல் அபாரம். மகனைப் பற்றிய கவலையில் அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

கென்யா மலையடிவாரக் காட்டில் முதல் யானை. ஆண் யானை ஒன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டுத் துப்பாக்கி காலியாக நிற்கும்போது, பக்கத்துப் புதரைப் பிளந்துகொண்டு இன்னொன்று வந்தது. தும்பிக்கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கித் தோட்டாவைத் திணிப்பதற்குள், கூட இருந்த வேட்டை வழிகாட்டி கனிங்ஹாம் சுட, யானை திரும்பிப் போயிற்று. அமெரிக்க வரலாறு அந்த இடத்தில் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறது. அன்று ராத்திரி துரை என்ன செய்தார்? யானையின் இதயத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, கவைக்குச்சியில் குத்தி, நெருப்பில் வாட்டிச் சாப்பிட்டார். ருசியாக இருந்ததாம்.

வீரம் என்றால் என்ன என்பதை நாந்தி இளைஞர்கள்தான் காட்டினார்கள். கையில் ஈட்டியும் கேடயமும் மட்டும். சிங்கத்தைச் சுற்றி வளைத்து நின்றார்கள். அது பாய்ந்து ஒருவனைக் கவ்வ, மற்றவர்களின் ஈட்டிகள் அதன் உடம்பில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தன. ரூஸ்வெல்ட் குதிரைமேல் உட்கார்ந்து பார்த்தார். பார்த்து அசந்துபோனார் என்பதை எழுத்திலேயே உணரலாம். அவருக்குக் கையில் வெடிகுழல், பின்னால் இன்னொரு வெடிகுழலோடு ஒரு ஆள், அதற்குப் பின்னால் இன்னொரு ஆள்.

இன்றைக்கு ஐந்து நாள், ஏழு நாள் என்று சஃபாரி விற்கிறவர்கள் ‘பிக் ஃபைவ்’ என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: சிங்கம், யானை, எருமை, காண்டாமிருகம், சிறுத்தை. இது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். துப்பாக்கி போய் கேமரா வந்த பிறகும் மாறவில்லை. கென்யாவின் முதல் தேசியப் பூங்கா நைரோபியில் 1946இல்தான் வந்தது. ரூஸ்வெல்ட் போனபோது டிக்கெட் இல்லை, வேலி இல்லை. லைசென்ஸ் என்று ஒரு காகிதம், அவ்வளவுதான். சிறுத்தை மட்டும் அவருக்கு அகப்படவில்லை. மகனுக்கு மூன்று.

அப்பாவும் மகனும் சேர்ந்து சுட்டது 512. அப்பா 296, மகன் 216. அதில் சிங்கம் 17, யானை 11. அறிஞர்கள் பிடித்த எலி, பல்லி, மீன், பறவை எல்லாம் சேர்த்து அருங்காட்சியகத்துக்குப் போனவை சுமார் 11,400. தங்களுக்கென்று ஒரு டஜன்தான் வைத்துக்கொண்டதாகக் கணக்குச் சொன்னார். கல்யாண வீட்டில் 500 இலை போட்டுவிட்டு, ‘நான் ஒரு அப்பளம்தான் எடுத்தேன்’ என்கிற மாதிரி.

மன்னிக்க முடியாதது நைல் கரை லாடோவில் நடந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆயுள்வரை அவருக்கென்று விடப்பட்ட நிலம் அது. 1909 டிசம்பரில் மன்னர் போய்ச்சேர, தந்தத் திருடர்களுக்கு வேட்டைக்காடாகக் கிடந்தது. அடுத்த மாதம் ரூஸ்வெல்ட் அங்கே போனது வெள்ளைக் காண்டாமிருகத்தின் வடக்கு இனத்துக்காக. அரிது என்று தெரிந்தேதான் போனார். அரிது என்பதால்தான் போனார். அப்பா ஐந்து, மகன் நாலு. இனத்தையே துடைத்தெடுத்தவர்கள் பின்னால் வந்த கொம்புத் திருடர்கள். முழுப் பழியையும் இவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த வடக்கு இனத்தின் கடைசி ஆண், சூடான், 2018இல் செத்துவிட்டது. மிச்சம் கென்யாவில் நாஜின், ஃபாத்து என்று இரண்டு பெண்கள், தாயும் மகளும். துப்பாக்கியோடு ஆள் காவல் நிற்கிறான். அதுகளைச் சுடுவதற்கு அல்ல.

1910 மார்ச்சில் கார்ட்டூம் வந்துசேர்ந்தார். மனைவியும் அங்கே வந்துசேர்ந்தார், நிருபர்கள் காத்திருந்தார்கள். ஊர் திரும்பிப் பார்த்தால் டாஃப்டின் ஆட்சி அவருக்குப் பிடிக்கவில்லை. யார் ஆண்டாலும் பிடித்திருக்காது. கட்சியை உடைத்து, 1912இல் தனியாக நின்றார். அக்டோபரில் மில்வாக்கியில், ஒரு முன்னாள் மதுக்கடைக்காரன் நெஞ்சுக்கு நேராகச் சுட்டான். சிங்கங்கள் செய்யத் தவறிய கடமையை முடிக்க வந்தவன்போல. சட்டைப்பையில் இருந்த இரும்புக் கண்ணாடிக்கூடும், மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும் குண்டைத் தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டன. பேச்சு அவ்வளவு நீளமாக இருந்ததால் உயிர் பிழைத்த ஒரே அரசியல்வாதி இவராகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, குண்டு உடம்புக்குள் இருக்க, ரத்தம் சட்டையை நனைக்க, மேடையேறி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். குண்டு பட்டும் நிறுத்தாத ஆளிடமிருந்து கூட்டம் எப்படித் தப்பிக்கும்?