ஓடாத லாரிக்கு ஒரு கையெழுத்து

கேள்வி: மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் மண் அள்ளும் ஒப்பந்த வேலைக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். லாரி நாற்பது நடை அடித்தால் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கேட்டால், ‘ஊரே செய்வதுதானே’ என்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு வாசகர், கம்மாபுரம்

பதில்: போடாதீர்கள். லாரி ஓடாத அந்தப் பத்து நடைக்கு, நாளை விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் ஓடப்போவது நீங்கள்தான். ‘ஊரே செய்கிறது’ என்பவர், ஊரைக் கூட்டிவந்து உங்கள் பெயருக்குக் கீழே கையெழுத்து வாங்கித் தரமாட்டார்.

மறுத்தாலோ புகார் செய்தாலோ என்ன ஆகுமோ என்று பயப்பட்டால், அது நியாயமானது. தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். வைக்கவில்லை, கடிதம் மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று பின்னர் சொன்னது சிபிஐ. ஆனால் கொலை நடந்த உடனேயே நாடு கொதித்தது. 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: புகார் கொடுப்பவரின் பெயரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வெளியே விடக்கூடாது.

அந்தக் கதவு உங்களுக்கும் திறந்திருக்கிறது. உறையை ஒட்டி, மேலே ‘பொதுநல வெளிப்படுத்தலின் கீழ் புகார்’ என்று எழுதி, ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தில் மட்டும் இருக்கட்டும். மொட்டைக் கடிதம் செல்லாது. அதற்கு முன், உண்மையான நடைக்கணக்கைத் தேதி, வண்டி எண்ணோடு தினமும் தனி நோட்டில் எழுதிவையுங்கள். இன்றைய ஷிப்ட்டிலேயே தொடங்கலாம்.