தேநீர்த் தாமதமும் வோல்டேஜும்: ஜார்ஜ்டவுன் அடுப்படி குறித்த ஓர் ஆய்வு

மாலை நான்கு மணித் தேநீர் ஏன் நாலரைக்கு வருகிறது என்பது பற்றி பினாங்கு ஜார்ஜ்டவுன் தமிழ் இல்லங்களில் இரு கொள்கைகள் நிலவுகின்றன. தேநீர் போடும் பொறுப்பேற்ற மகன், "வோல்டேஜ் கம்மிம்மா" என்பான். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். கெட்டிலைப் பார்ப்பார், பிறகு மகனைப் பார்ப்பார். முன்னது வாய்மொழி மரபு, பின்னது மௌன உரை. உரைக்கு எண் கிடையாது என்பதால் ஆய்வு வாய்மொழியை எடுத்துக்கொள்கிறது.

முதலில் இலக்கணம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஐயமிருப்போர் லிட்டில் இந்தியாவில் தே தாரிக் ஆற்றும் அண்ணனை நோக்குக. மேல் குவளைக்கும் கீழ்க் குவளைக்கும் இடையிலுள்ள உயரம் வோல்ட். விநாடிக்கு எவ்வளவு தே விழுகிறதோ அது ஆம்பியர். உயரத்தை மட்டும் கண்டு வியப்பவர் சுற்றுலாப் பயணி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே ஆய்வாளர். 200 மில்லி தேயை 1 மீட்டர் உயரத்திலிருந்து 2 விநாடியில் இறக்கினால் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 1 வாட். அப்படியானால் 2200 வாட் கெட்டில் ஒன்றுக்கு ஈடுகொடுக்க 2200 அண்ணன்மார் இடைவிடாமல் ஆற்ற வேண்டும். லெபு பாசார் தாங்காது. குவளையைக் கூரைக்கே உயர்த்தினாலும் தே விழாதவரை வாட் பூஜ்யம்தான். இந்தக் கடைசிக் குறிப்பை வாசகர் மனத்தில் வைக்கவும்.

இனி மகன் தரப்பின் வலுவான சான்று. கெட்டில் தாத்தா வாங்கியது. அதன் அடியில் 240 வோல்ட், 2200 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தமோ 1-1-2008 முதல் 230 வோல்ட். ஆக, லெம்பாகா லெத்ரிக் நெகாரா காலத்துக் கெட்டில் (1990இல் அந்த மின்வாரியமே தெனாகா நேஷனல் ஆனது) இன்று பட்டினி கிடக்கிறது என்பது வாதம். வாதம் பொய்யன்று. கெட்டிலின் கம்பிச்சுருளுக்குத் தடை ஏறத்தாழ 26 ஓம். வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்கும். அதனால் அழுத்தம் நூற்றுக்கு நான்கு குறைய, திறன் நூற்றுக்கு எட்டு குறைகிறது. 2200 வாட் 2020 ஆகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிக்க வைக்க, வெளியே போகும் சூட்டைச் சேர்க்காமல் கணக்கிட்டால், முன்பு 205 விநாடி, இப்போது 224.

தாமதம் 19 விநாடி. அரைமணி நேரத்தில் மீதி எங்கே போனது?

அந்த 19 விநாடியையும் முழுதாகக் கொடுப்பதற்கில்லை. 230 என்பதற்கு மேலே நூற்றுக்குப் பத்தும் கீழே ஆறும் சலுகை உண்டு. அதாவது 216 முதல் 253 வரை எதுவும் செல்லும். பழைய 240 அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. காகிதத்தில் எண் மாறியதால் சுவருக்குள் எதுவும் மாறியே ஆக வேண்டும் என்றில்லை. சரி, ஆகக் கீழான 216 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தாமதம் ஒரு நிமிடத்தை எட்டாது.

எக்ஸ்டென்ஷன் கருதுகோளும் உண்டு. அதே நீட்டுப் பெட்டியில் அக்காவின் 2000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சொருகியிருக்கிறது. கெட்டில் 8.8, இஸ்திரி 8.7, ஆக 17.5 ஆம்பியர். மூன்று முள் பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியருக்கானது. அது உடனே உருகிக் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. இந்த அளவு மிகையை நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். வயரின் சூடோ ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும்: 13இல் சுடுவதைப்போல 1.8 மடங்கு. இது வீட்டையே கொளுத்தக்கூடிய விஷயம் என்பதால் இவ்விடத்தில் மட்டும் ஆய்வாளர் சிரிக்கவில்லை. இரண்டையும் தனித்தனிச் சுவர் பிளக்கில் போடுங்கள். தேநீர்த் தாமதத்துக்கு இது காரணமாயிருந்தால் தேயிலை மணத்துக்கு முன் பிளாஸ்டிக் நாற்றம் வந்திருக்கும். வரவில்லை.

எஞ்சியது களப்பணி. நம் வீட்டுச் சுவர் பிளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் உண்டு. மணி நாலு இருபதுக்கு ஆய்வு செய்தபோது கெட்டில் நிறையத் தண்ணீர், அதன் பொத்தான் அமுக்கியபடி, சுவிட்ச் மட்டும் அணைந்த நிலையில். அதன் பின்னால் 230 வோல்ட் தயாராக நிற்கிறது, ஆம்பியர் பூஜ்யம். 230ஐப் பூஜ்யத்தால் பெருக்கத் தமிழ்ப்பள்ளி மூன்றாம் ஆண்டே போதும்.

தீர்ப்பு: வோல்டேஜ் நிரபராதி. தம்பி, போனைக் கீழே வைத்துவிட்டு சுவிட்சைப் போடு.